பதினாலாம் நம்பர் ஸ்லைடு

ஜனவரி 12

அன்புள்ள டெய்லர் சாருக்கு,

நான் நலம். நீங்களும் நம் மகள் வாலும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி நமக்குப் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. கடிதம்தான் நமக்குச் சரி.

இதனுடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கும். அதைத் திறக்காதீர்கள். விஷயம் இதுதான். நாற்பது எலிகளுக்கு ஈரலில் நோய் வரவைத்து, இருபதுக்கு மட்டும் மருந்தும் மற்ற இருபதுக்கு வெறும் தண்ணீரும் கொடுத்தேன் அல்லவா? இப்போது நாற்பது ஈரலையும் மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றியாகிவிட்டது. எதில் எவ்வளவு தழும்பு என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண் போட வேண்டும். அதிக மதிப்பெண் என்றால் அதிகத் தழும்பு. எது மருந்து சாப்பிட்ட எலி என்பது மட்டும் எனக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்துவிடும். அதனால் பக்கத்து மேசைத் தோழி பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எண்களை ஒட்டியிருக்கிறாள். எந்த எண் எந்தக் கூட்டம் என்ற பட்டியல்தான் அந்த உறைக்குள் இருப்பது.

அதை அவளிடமே விட்டுவைக்கலாம் என்றால், அவள் வாயில் எதுவும் தங்காது. என் பேராசிரியையோ தலையில் இருக்கும் கண்ணாடியை நாள் முழுக்கத் தேடுகிறவர். "உன் வீட்டுக்காரருக்கு அனுப்பிடும்மா, அவருக்கு இதுல என்ன புரியப்போகுது" என்று அவரே சொல்லிவிட்டார்.

பத்து வருடம் ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு ஸ்லைடு வெட்டிக் கொடுத்தேன். இது நானே கேட்ட கேள்வி. மருந்து வேலை செய்திருந்தால் ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இல்லையென்றால் இன்னொரு வருடம் இருக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள்
இன்னும் ஆகாத டாக்டர்


ஜனவரி 24

என் டாக்டரம்மாவுக்கு,

இப்போதிருந்தே கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உறை வந்தது. நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில், என்னைத் தவிர யாரும் கை விடாத இடத்தில் வைத்திருக்கிறேன். "என்ன புரியப்போகுது" என்று சொன்ன உன் பேராசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல். ஒருநாள் அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்துப் பேசிக்கொள்கிறேன்.

வாலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தூக்கிப்போட விடவில்லை. "அம்மா வந்து மைக்ரோஸ்கோப்ல பாக்கட்டும்" என்று பட்டன் டப்பாவில் போட்டு மூடியிருக்கிறாள். கடையில் பள்ளிச் சீருடை மலைபோல் கிடக்கிறது. நடுநடுவே உன் வாய்மொழித் தேர்வுக்குக் கருநீலத் துணியில் கோட்டு வெட்டிவிட்டேன். உன் பழைய அளவுதான். இளைத்திருந்தால் மறைக்காமல் சொல்.

உன்
டெய்லர்


பிப்ரவரி 9

அன்புள்ளவருக்கு,

இளைக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்திருப்பேன்.

நாற்பதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். சில ஈரல்கள் அழகாக இருக்கின்றன, துவைத்து மடித்த துணி மாதிரி. ஆனால் 9, 14, 22, 27, 31 ஐந்தும் என்னைக் கலங்கடித்துவிட்டன. எங்கு பார்த்தாலும் சிவப்பு நாராகத் தழும்பு. 14 எல்லாவற்றையும்விட மோசம். நான்கு போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இந்த ஐந்தும் மருந்து கொடுக்காதவையாக இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அப்படி ஆசைப்படுவதே தப்பு, தெரிகிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மூன்று வருடமாயிற்று. வாலுக்குப் பல் விழுந்ததைக்கூட நான் கடிதத்தில்தான் பார்க்கிறேன்.

உங்கள்
நான்தான்


பிப்ரவரி 20

அன்புக் கண்ணுக்கு,

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. களைத்த கண்ணுக்கு எல்லாம் மோசமாகத்தான் தெரியும். எனக்கே மாலையில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகிவிடும். அடுத்த சுற்றில் அந்த 14, 22, 31 மூன்றையும் மட்டும் காலை வெளிச்சத்தில் நிதானமாகப் பார். நீ நினைத்த அளவுக்கு மோசமாக இருக்காது.

கோட்டுக்குக் கை ஏற்றிவிட்டேன். பட்டன் காஜாதான் பாக்கி. ஏப்ரலுக்கு ரெடி.

உன்
டெய்லர்


மார்ச் 3

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையே மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். 14க்கு மூன்று போடலாம்போல் இருந்தது. 22க்கு இரண்டு. சந்தோஷத்தில் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் சுருக்கென்றது.

நான் எழுதியது ஐந்து எண்கள். நீங்கள் திரும்ப எழுதியது மூன்று. ஏன் ஒன்பதை விட்டீர்கள்? இருபத்தேழை ஏன் விட்டீர்கள்?

உறையைத் திறந்துவிட்டீர்கள், இல்லையா?

அந்த மூன்றும் மருந்து சாப்பிட்டவை என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, எனக்குத் தெரிவதற்கு முன்பே என் கண் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைக்கப் பார்த்தது. நான் நாணயமானவள் என்று நினைத்திருந்தேன்.

இது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டால் ஏப்ரலில் வீட்டில் இருப்பேன். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.


மார்ச் 12

கண்ணு,

திறந்தேன். உன் பிப்ரவரிக் கடிதம் வந்த மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டினேன், பசை விட்டுக்கொடுத்துவிட்டது. பிறகு ஒட்டியும் வைத்தேன். நீயே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் வருவாயா, மாட்டாயா என்று தெரிந்துகொள்ளத்தான் திறந்தேன். வேறு ஒன்றும் இல்லை. பட்டியலில் அந்த மூன்றும் மருந்துக் கூட்டத்தில் இருந்தன. உனக்கு எப்படியாவது நல்லது செய்யலாம் என்று கிறுக்கினேன். உன் மூன்று வருட உழைப்பில் கத்தரியை வைத்துவிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். வாலிடம் விஷயத்தைச் சொல்லாமல், "ஒருத்தரு தப்புப் பண்ணி யாருக்கும் தெரியலைன்னா?" என்று கேட்டேன். "தப்புப் பண்ணவங்களுக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நீ சொல்லிவிடு. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை மாதமானாலும் சரி.

உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

டெய்லர்


மார்ச் 25

அன்புள்ளவருக்கு,

சொல்லிவிட்டேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இனிமே உன் ஆய்வேட்டுல நான் தைரியமா கையெழுத்துப் போடுவேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். "அழுறதை அப்புறம் வெச்சுக்கோ, மெழுகுக்கட்டியெல்லாம் இருக்குல்ல? மறுபடி வெட்டு" என்றார்.

நாற்பதையும் புதிதாக வெட்டி, புதிதாகச் சாயம் ஏற்றி, தோழி கட்டிகளுக்கு ஒட்டிக் கொடுத்த புதிய எண்களோடு முதலிலிருந்து பார்க்கப்போகிறேன். ஜூன் ஆகிவிடும். மருந்து வேலை செய்யாமல் போனால் இன்னொரு வருடமா என்று கேட்டேன். "வேலை செய்யலைன்னு நேர்மையா காட்டினா அதுவும் பட்டம்தான், யார் உனக்கு வேற மாதிரி சொன்னது?" என்று திட்டினார். இத்தனை நாள் இதைக் கேட்காமல் பயந்தே செத்திருக்கிறேன் பாருங்கள்.

புதுப் பட்டியலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வதாகப் பேராசிரியை சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். இதனுடன் வைத்திருக்கிறேன். உங்களை நம்பாமல் இன்னும் மூன்று மாதம் என்னால் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
நான்தான்


ஏப்ரல் 4

என் டாக்டரம்மாவுக்கு,

உறையை வாங்கியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திறக்கும் ஆசையில் அல்ல. மறுபடியும் எனக்கே அனுப்பினாயே, அதற்குத்தான்.

உன் கோட்டின் உள்ளே, லைனிங்குக்கும் துணிக்கும் நடுவில் வைத்து நான்கு பக்கமும் தைத்துவிட்டேன். மிஷினில் இல்லை, கையால். என் தையலை நானே பிரித்தாலும் துணியில் தடம் விழும், நீ கண்டுபிடித்துவிடலாம். ஆவிக்கும் அசையாது. வாடிக்கையாளர்கள் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க என்னமோ மொடமொடங்குதே" என்கிறார்கள். "அது டாக்டர் கோட்டு, அப்படித்தான் இருக்கும்" என்கிறேன்.

உன்
டெய்லர்


ஜூன் 20

அன்புள்ளவருக்கு,

முடிந்துவிட்டது. நாற்பது மதிப்பெண்களும் இதனுடன் இருக்கின்றன. இன்னொரு பிரதியில் கையெழுத்துப் போட்டுப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டேன். இனி நானே நினைத்தாலும் ஓர் எண்ணை மாற்ற முடியாது.

இப்போது தையலைப் பிரியுங்கள். பட்டியலை எடுத்து, மருந்துக் கூட்டத்தின் மதிப்பெண்களைத் தனியாக, வெறும் தண்ணீர்க் கூட்டத்தைத் தனியாகக் கூட்டுங்கள். எனக்கு முன்னால், என் பேராசிரியைக்கும் முன்னால் நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் வேண்டாம், எழுதுங்கள். எப்படி வந்தாலும் அப்படியே எழுதுங்கள். என்னை ஆறுதல்படுத்தாதீர்கள்.

உங்கள்
நான்தான்


ஜூன் 28

கண்ணு,

இன்று கடையைத் திறக்கவில்லை. வாலு ஊசியால் பாதித் தையலைப் பிரித்தாள், மீதியை நான் பிரித்தேன். உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. கத்தரியால் வெட்டித் திறந்தோம். வாலு எண்ணைப் படித்தாள், நான் துணி வெட்டும் மேசையில் சாக்பீஸால் இரண்டு பத்தியாக எழுதினேன்.

மருந்து சாப்பிட்ட இருபதுக்கும் சேர்த்து ஐம்பத்தெட்டு. தண்ணீர் குடித்த இருபதுக்கும் சேர்த்து ஐம்பத்தொன்பது. சட்டைக்கு அளவு சரிபார்ப்பதுபோல் மூன்று தடவை கூட்டினேன். அதே ஐம்பத்தெட்டு, அதே ஐம்பத்தொன்பது.

மருந்து வேலை செய்யவில்லை, கண்ணு.

ஆறுதல்படுத்தாதே என்றாய், படுத்தவில்லை. மேசையில் எழுதியதை இன்னும் அழிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். "அம்மா கேட்டதுக்குப் பதில் கெடைச்சிருச்சா?" என்று வாலு கேட்டாள். கிடைத்துவிட்டது என்றேன். "அப்ப வந்துடுவாங்களா?" என்றாள். அதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

கோட்டின் லைனிங் திறந்தபடியே தொங்குகிறது. இளைக்கவில்லை என்று நீ எழுதினாய், ஆனால் போன வாரம் அனுப்பிய போட்டோவில் தோள்பட்டை அப்படிச் சொல்லவில்லை. நீ வந்து என் எதிரில் நின்றால்தான் அளவு பார்த்து மூடுவேன். பல்லும் பட்டன் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

உன்
டெய்லர்