சீப்புப் பல் எந்தப் பக்கம்

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் நம் வாலுவும் சுகம். நீங்களும் வழியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக டிப்போ போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நாலு தரம் கத்தினால் ஐந்தாம் தரம் "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். எதற்குச் சரி சொன்னீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெசேஜ் அனுப்பினாலோ, எழுத்து பொடியாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவீர்கள். இது அடுத்தவர் படிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் வாலுவின் படம் வரைகிற நோட்டில் தாள் கிழித்து, குண்டு குண்டாக எழுதுகிறேன். மீசை அண்ணன் இன்று அந்தப் பக்கம்தான் லாரி எடுத்துப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

குழாயைச் சரிசெய்தாயிற்று. வாலுவுக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது. கணக்கில் இந்தத் தடவை பரவாயில்லை. உங்கள் நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துப் பையில் வைத்தேனே, வெள்ளிக்கிழமை அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கை எங்கெங்கோ போகிறது.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளி காலை உங்கள் டிப்போவுக்கு வருகிறார், எல்லா டிரைவர்களுக்கும் கண், காது பார்க்க. போன தடவை போலவே அவர் பெட்டியை நான்தான் கட்டினேன். ஆனால் கண் பார்க்கிற அட்டையை மாற்றி வைத்துவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

நீங்கள் ஒரு மாதமாகச் சவரம் செய்யும்போதெல்லாம் "வலது, மேல், மேல், இடது, கீழ்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்களே, அது பழைய அட்டை. இப்போது வருவது வேறு. மூன்று பல் சீப்பு மாதிரி அதே குறிதான், எந்தச் சீப்பு எந்தப் பக்கம் பல்லைக் காட்டுகிறது என்பது மட்டும் வேறு. அதை நானும் பார்க்கவில்லை. பார்த்தால் என் கை சும்மா இருக்காது, உங்களுக்கு எழுதித் தந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே துடைத்து, துணி சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாட்டை எழுதித் தந்தவளும் நான்தான். மறுக்கவில்லை. இடது கண்ணில் கொஞ்சம் பனிமூட்டம், அவ்வளவுதான் என்று நீங்கள் சொன்னீர்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை, எழுதித் தந்தேன். காதுக்கு மீசை அண்ணன். டாக்டர் பின்னால் ஐந்தடி தள்ளி நின்று எண்களைக் கிசுகிசுக்க, அண்ணன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் விரல் காட்டினாராம். நீங்கள் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், பாவி.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். வாலுவின் சைக்கிளை யாரும் திருடவில்லை.

போன மாதம் நீங்கள் வண்டியை ரிவர்ஸில் நம் வாசலுக்கு எடுத்தீர்களே, அன்றைக்கு. அப்பா வண்டி என்றதும் அவள் சைக்கிளை அப்படியே உங்கள் இடது பக்கம் போட்டுவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் வலது பக்கம், உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, தொண்டை கிழியக் கத்துகிறேன். கதவைத் தட்டுகிறேன். நீங்கள் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் மும்முரமாக இருந்தீர்கள். அவள் இரண்டு எட்டு பின்னால் குதித்தாள். சக்கரம் சைக்கிள்மேல் ஏறி நின்றது. நீங்கள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிட்டு, வாசலில் யார் கல்லைப் போட்டது என்று கேட்டீர்கள்.

நீங்கள் இறங்குவதற்குள் சைக்கிளை இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினோம். சொல்லவேண்டாம் என்று கெஞ்சியது அவள்தான். தெரிந்தால் அப்பா அழுவார் என்றாள். அன்று சாயங்காலம், தெருவில் போட்டால் திருடாமல் என்ன செய்வான் என்று அவளைத் திட்டித் தீர்த்தீர்கள். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாயாடி, எதிர்வீட்டுப் பூனையிடம்கூட வாய்க்கு வாய் பேசுகிறவள், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றாள்.

அவளுக்கு இரண்டு எட்டு குதிக்க முடிந்தது. குதிக்க முடியாத பிள்ளையாக இருந்திருந்தால்?

இடது பக்கம் நின்றால் உங்களுக்குத் தெரியவில்லை. வலது பக்கம் நின்றால் கேட்கவில்லை. நான் எங்கேதான் நிற்பது, சொல்லுங்கள். அதனால்தான் இந்தத் தடவை எதிரில் வந்து நிற்கிறேன்.

டாக்டரிடம் விசாரித்தேன். என் சொந்தக்காரர் ஒருத்தருக்கு என்றுதான் ஆரம்பித்தேன். அந்தச் சொந்தக்காரர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டுச் சிரித்தார். கண்ணாடி போட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று உங்கள் டிரைவர் கூட்டம் பேசுவதெல்லாம் வெறும் வதந்தியாம். கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்கலாம், காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டே கேட்கலாம். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக அட்டையில் குறித்த வரி வரைக்கும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குக் கண்ணில் புரையாக இருக்கும் என்கிறார், பார்த்தால்தான் நிச்சயமாம். புரைதான் என்றால் சின்ன ஆபரேஷன், அப்புறம் சில மாதம் ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது, மறுபடி பரீட்சை. நிச்சயம் பாஸாவார் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமைக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன்.

அது வரைக்கும் என் சம்பளம் இருக்கிறது. வாலுவுக்குக் கணக்குச் சொல்லித் தர ஆளும் வேண்டும்.

அட்டை மாறியதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் பத்துப் பேர் முன்னால் நீங்கள் பழைய பாட்டைப் பாடி, டாக்டர் நிமிர்ந்து பார்த்து, மற்றவர்கள் சிரித்து... ஐயோ, அதை என்னால் நினைக்க முடியவில்லை. யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. என்னைத் தவிர. அவர் அட்டையை மாட்டுவதற்கு முன்னால் நீங்களே போய், இடது கண்ணும் வலது காதும் சரியில்லை டாக்டர் என்று சொல்லிவிடுங்கள். மீசை அண்ணன் வெளியில்தான் உட்காருவார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்பச் சம்மதித்தேன்.

சைக்கிள் கதையை எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் வாலு என்னோடு பேசமாட்டாள். அவளைச் சமாதானம் செய்வது உங்கள் பொறுப்பு. எனக்கு வேண்டாம், அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள்.

பரீட்சைக்குப் போகிறவரை ஜெயித்து வாருங்கள் என்றுதான் எல்லோரும் வாழ்த்தி அனுப்புவார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். இந்த ஒரு தடவை தோற்றுவிட்டு வாருங்கள். சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு யாரோ ஓட்ட, நன்றாகத் தூங்கிக்கொண்டே வாருங்கள். நிறுத்தத்தில் நானும் வாலுவும் நிற்போம். கண்ணைச் சுருக்கித் தேடவேண்டாம். இறங்கினால் கை எட்டுகிற தூரத்தில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் எதிரில் நிற்கிறவள்