பேசி முடித்த நீல வாகனம்

சனி, ஒக். 18

காலையிலிருந்து புழுக்கம். மழைக்கு இருட்டியது, பெய்யவில்லை. இவருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நாள். மட்டக்களப்பு போய் வந்தாயிற்று. போக ஒன்றரை மணி, அங்கே நாலு, வர ஒன்றரை. இங்கே இடம் கிடைக்கும்வரை இதுதான்.

இவரை இறக்கியபின் வான்காரர் கலந்தர் காக்கா போகாமல் வாசலில் நின்றார். தேத்தண்ணியும் வேண்டாமாம். அப்பவே விளங்கியது.

"டீச்சர், கோவிக்கப்படாது. ஒண்ணாந் தேதியிலிரிந்து ஸ்கூல் புள்ளைகள ஏத்தக் கதைச்சிட்டன். மாசக் கணக்கு. நானும் புள்ளகுட்டிக்காரன்."

"ஓம் காக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? இரண்டு வருடம் ஒரு நாள் தவறவில்லை அந்த மனிதர்.

இரண்டு கிழமை இருக்கிறது. வேறு வான் கேட்டு ஏழு பேருக்கு ஃபோன் அடித்தேன். கிழமைக்கு மூன்று நாள், முழுநாள் காத்திருப்பு என்றதும் எல்லோருக்கும் வேறு ஹயர்.

ஆகவே வாங்க வேண்டும். வாங்கினால்:

– கதிரை (சீற்) உயரம் 22 – 26 அங். (வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. தாழ்ந்த காரில் இருத்தினால் எழுப்ப இரண்டு பேர். பெரிய ஜீப் என்றால் ஏற்றவே முடியாது. இடைப்பட்ட சின்ன ஜீப்தான்.)
– பின்னால் சக்கர நாற்காலிக்கு இடம்.
– ஓட்டோ கியர். ஓட்டுவது நான்.
– ஹைப்ரிட். வெறும் பெற்றோலில் கிழமைக்கு மூன்று தரம் மட்டக்களப்பு என்றால் சம்பளம் முழுவதும் டாங்கிக்குள்.
– எண்பது லட்சம். உம்மா தந்த வயல் விற்ற காசு. அதற்குமேல் இல்லை. லீசிங் கிடையாது: வட்டி வேண்டாம் என்று இவர், தவணை கட்ட முடியாது என்று நான். காரணம் வேறு, முடிவு ஒன்று.

ஞாயிறு 19

மழை. மூன்று வாகனம்.

மருதமுனை, வெள்ளை. உள்ளே சென்ட் வாசம் மூக்கை அடைத்தது. சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்தேன். அடியில் சேற்றுக் கோடு. வெள்ளத்தில் நின்றதா என்று கேட்டேன். "சேச்சே, மழ நனைஞ்ச, அவ்வளவுதான்." அப்படியென்றால் வாகனத்துக்கு உள்ளேதான் மழை பெய்திருக்க வேண்டும்.

சாய்ந்தமருது, சாம்பல். வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயர், விற்கிறவர் வேறு ஆள், நடுவில் இன்னும் இருவராம். கையெழுத்து மட்டும் வைத்த படிவம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. "ஊரே இப்பிடித்தான் ஓடுது டீச்சர்." ஊர் ஓடட்டும்.

நிந்தவூர், கறுப்பு. நல்ல வாகனம்தான். கதிரை 20 அங். நான் டேப்பை விரித்ததும் விற்கிறவரின் மச்சான், "என்ன டீச்சர், சட்ட தைக்கவா?" என்றார். டேப்பைச் சுருட்டினேன். வரும் வழியில் ஒன்பது பதில் தோன்றியது.

மகள் கொழும்பிலிருந்து விளம்பரங்களாக அனுப்புகிறாள். எல்லாம் பெண் டொக்டர் ஒருவர் மட்டும் ஓட்டியது. நாட்டில் இத்தனை பெண் டொக்டர்களா?

9Bக்கு ஒளி முறிவு. பாடக்குறிப்பு எழுதவில்லை.

செவ்வாய் 21

வான் கராஜில். த்ரீவீலரில் போனோம். ஒன்றாம் தேதிக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டோம்.

போகும்போது பரவாயில்லை. வரும்போது களுவாஞ்சிக்குடி தாண்டியதும் வாந்தி. பிறசர் விழுந்துவிட்டது. உதடு வெள்ளை. ஒரு பலசரக்குக் கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரப் பெண் எதுவும் கேட்காமல் தண்ணீரும் விசிறியும் கொண்டுவந்தாள். நாற்பது நிமிடம்.

வீட்டுக்கு வந்து சட்டை மாற்றும்போது இவர், "காணும் புள்ள" என்றார்.

"எது?"

"இந்தப் போய் வாறது. நான் ஊட்டிலேயே இரிக்கன்."

நிறுத்தினால் எத்தனை நாள் என்று இருவருக்கும் தெரியும். இரண்டு கிழமை போனால் பெரிது. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகவில்லை என்பது போலச் சொன்னார். அதுதான் பயம்.

"ஒண்ணாந் தேதிக்கு முன்ன வாகனம் வந்திரும்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? எந்த அளவையும் இரண்டு தரம் எடுக்காமல் எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஐந்து நிமிடம். பிறகு சோறு.

புதன் 22

பாடசாலை விட்டு நேரே அட்டாளைச்சேனை. நீலம்.

24 அங். மூன்று தரம் அளந்தேன். பின்னால் சக்கர நாற்காலி கிடையாகப் போகும். புத்தகத்தில் விற்கிற ஹாஜியாரின் பெயர்தான். நெல் வியாபாரம். எண்பது லட்சம். டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஹாஜியார்: "பாருங்க மகள், பாக்கக் காசில்ல. ஆனா விக்கேலா."

"விளம்பரம் இருக்கே."

"அத புரோக்கர் இன்னும் எடுக்காமக் கிடக்கான். இறக்காமத்துப் போடியார் ஒராள், நூறு ஏக்கர் செய்யிற மனுசன், ஒரு மாசத்துக்கு முன்ன கை தந்து பேசி முடிச்சிட்டார்."

"அட்வான்ஸ் தந்தாரா?"

"கை தந்த பொறகு என்ன அட்வான்ஸ்? ஒராள் பேசி முடிச்ச சாமானுக்கு மேல இன்னொராள் பேசவும் ஏலா, நான் காது குடுக்கவும் ஏலா. அவர்ர வாயால விட்டா உங்களுக்குத்தான். நம்பர் தாறன், கேட்டுப் பாருங்க."

வீட்டில் இவரின் நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரக்கத்துக்காக ஒருவர் தன் சொல்லை முறித்துவிடுவார் என்று ஒரு பயம். முறிக்காமல் விட்டுவிடுவார் என்று அதைவிடப் பெரிய பயம்.

கேற்றடியில் புரோக்கர், குரலைத் தாழ்த்தி: "ரெண்டு லச்சம் கூடச் சொல்லிப் பாருங்க டீச்சர். ஹாஜியாரும் மனுசன்தானே."

என்னிடம் இரண்டு லட்சம் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். இங்கே எழுதலாம்.

வெள்ளி 24

ஜும்ஆ முடியும்வரை காத்திருந்து போடியாருக்கு அடித்தேன். அதற்கு முன் இரண்டு தரம் அடித்துத் துண்டித்தேன். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

நான் இன்னார், நீல வாகனம் விஷயமாக, நீங்கள் பேசி முடித்ததாம், விட்டுத்தர முடியுமா –

"உட்டுட்டன். எடுங்க. ஹலால்."

காரணத்தை நான் இன்னும் தொடங்கவேயில்லை. இருபது வருடம் வகுப்பில் நிற்கிறேன். கேள்வி முடியுமுன் பதில் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

"போடியார், வாகனத்தில என்ன குறை?"

பின்னால் ஓடிய உழவு மெஷினை யாரிடமோ நிறுத்தச் சொன்னார். 

"ஆருக்கு மகள் வாகனம்?"

சொன்னேன். கால், சிறுநீரகம், மட்டக்களப்பு, ஒன்றாம் தேதி. முன்பின் தெரியாத ஒருவரிடம், ஒரே மூச்சில்.

"அல்லாஹ்வே. இனி நான் மறைச்சா எனக்குத்தான் குத்தம். கை குடுத்த பொறகுதான் மெக்கானிக் பாஸ் ஒராளக் கூட்டிட்டுப் போய்க் காட்டின. பற்றரி போற பதமாம். கை குடுத்துட்டு எப்பிடிகா திரும்புற? விதைப்பு முடியட்டும், விதைப்பு முடியட்டும் எண்டு ஹாஜியாருக்குச் சொல்லிக்கிட்டிரிக்கன்."

"அவருக்குத் தெரியுமா?"

"எந்த மூஞ்சியோட சொல்ற?"

ஆக, ஒரு மாதமாகப் போடியாரால் வாங்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஹாஜியாரால் விற்க முடியவில்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று போடியார் துஆச் செய்திருப்பார். நான் வந்தேன்.

அளவெல்லாம் சரியாக இருந்த ஒரே வாகனம். கட்டிலில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தபடி இருந்தேன். அஸர் பாங்கு சொல்லும்வரை.

சனி 25

மட்டக்களப்பு. வானில். கலந்தர் காக்கா, "வாகனம் கிடைச்சா டீச்சர்?" இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வியாழனைப் போல இன்றும் ஏற மறுக்கவில்லை. காக்காவுக்கு மரியாதைக்காக வந்தார் என்று நினைக்கிறேன். ஒன்றாம் தேதிக்குப் பிறகு யாருக்காக வருவார்?

வேறு வாகனம்: அக்கரைப்பற்று ஒன்று, 92 லட்சம். மட்டக்களப்பு ஒன்று, விற்றாயிற்று.

இஸ்மாயில் பாஸுக்குச் சொன்னேன். ஹைப்ரிட் வேலை தெரிந்தவர். நாளை நீலத்தைப் பார்க்க வருவார்.

ஞாயிறு 26

வெயில். பாஸுடன் அட்டாளைச்சேனை. போடியார் விட்டுவிட்டதை மட்டும் ஹாஜியாரிடம் சொன்னேன்.

பற்றரி பார்க்கும் மெஷினைக் கொழுவிப் பார்த்தார் பாஸ். முகம் சரியில்லை. பிறகு பின் கதிரையின் பக்கத்து மூடியைக் கழற்றினார். பற்றரிக்குக் காற்று இழுக்கும் விசிறி அங்கே இருக்கிறது. விசிறி தெரியவில்லை. உமி, சப்பி, தூசு, அடைந்து கட்டியாக.

"ஹாஜியார், இதுக்குள்ள அர மரைக்கால் நெல்லுக் கிடக்கு. வித்தாலே பற்றரி வாங்கலாம்."

பின் கதிரையை மடித்து ஹாஜியார் இரண்டு போகம் நெல் மூடை ஏற்றியிருக்கிறார். மூடை அந்தத் துவாரத்தை அடைத்து, பற்றரி உள்ளேயே வெந்திருக்கிறது.

"அது காத்துப் போற ஓட்டையா? பாட்டுச் சத்தம் வாற இடம் எண்டெல்லோ நினைச்சன்!" உண்மையிலேயே தெரியவில்லை அவருக்கு. தாடியைத் தடவிக்கொண்டார். "போடியார் ஒரு மாசமா விதைக்கும்போதே எனக்கு விளங்கியிருக்கணும்."

நாலு லட்சம் குறைத்தார், நான் கேட்காமல். புதுப் பற்றரிக்கு அது காணாது.

பாஸைத் தனியாகக் கேட்டேன். சுத்தம் செய்து, பற்றரிக்குள் செத்த ரெண்டு கட்டையை மட்டும் மாற்றினால்?

"ஆறு மாசம் ஓடும் டீச்சர். கவனமாப் பாவிச்சா வருசம். அங்கால ஒருத்தருக்கும் சொல்லேலா."

ஆறு மாதம். அதற்குமேல் திட்டம் போட்டு எனக்கு இப்போது பழக்கமும் இல்லை.

ஹாஜியார் கை நீட்டவில்லை, ஸலாம் சொன்னார். 76 லட்சம். எடுத்துவிட்டேன். கட்டையை பாஸ் நாளைக்கு மாற்றுவார்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். இவர் நாற்காலியை உருட்டி வந்து, கதவைப் பிடித்து, இடது காலில் எழுந்து, திரும்பி, கதிரையில் உட்கார்ந்தார். நான் தொடவில்லை. நாற்காலியைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

பற்றரி எப்படி என்று கேட்டார். ஆறு மாதம் என்றேன், பொய் வரவில்லை. ஏசி காற்றின் வாயைத் தன் பக்கம் திருப்பினார். 

"செவ்வாக்கிழம வெள்ளனப் போவம். வெயிலுக்கு முன்ன."