குதிரைகளுக்கு அடியில்

ஜூன் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசை கைவிட்டுப் போய்விட்டது. மேசை முழுக்க விளையாட்டுக் கட்டைகள், பல்சக்கரங்கள், நடுவில் ஒரு மோட்டார். என் நாத்தனார் — வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம் — அதில் ஒரு ராட்டினம் கட்டுகிறாள். பொம்மைக் கம்பெனியில் மாதிரிகள் வடிவமைக்கும் வேலைக்கு இரண்டாவது முயற்சி. போன தடவை இவள் செய்த கிரேன், தேர்வாளர்கள் முன்னாலேயே அச்சு முறுக்கிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இதுவும் போனால் இனி கட்டையையே தொட மாட்டாளாம்.

வெளிப்புறம் என் பொறுப்பு. கேக் அலங்கரிக்கிற கை சும்மா இருக்குமா?

ஜூன் 5, வியாழன்

மோட்டாரை நேராகப் பூட்டிப் பார்த்தோம். குதிரைகள் பேய் பிடித்த மாதிரி சுற்றின. ஒன்று பறந்து என் கணவரின் காபியில் விழுந்தது. "என்ன, குதிரைக்குத் தண்ணி காட்டுறீங்களா?" என்றார்.

குட்டி சிரிக்கவில்லை. எட்டுப் பல் சக்கரத்தை நாற்பது பல் சக்கரத்தோடு கோத்தாள். சின்னது ஐந்து சுற்று ஓடினால் பெரியது ஒரு சுற்று. அதே மாதிரி இன்னொரு ஜோடி. இப்போது குதிரைகள் ராஜநடை போட்டன. காகிதத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை அவள். பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று என்னால் வந்த வினை. அச்சு ஆடுகிறதே என்று அதில் மாட்டியிருந்த வளையங்களை எல்லாம் பக்கத்துக் கட்டைகளோடு ஒட்ட அழுத்திவிட்டேன் — கேக்கில் இடைவெளி தெரியக் கூடாது, அந்தப் பழக்கம். மோட்டார் முனகியது, ஒன்றும் சுற்றவில்லை. குட்டி காலையெல்லாம் காரணம் தேடினாள். கண்டுபிடித்ததும் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் ஆடணும் அண்ணி. ஆட விட்டாதான் சுத்தும்."

மயிரிழை அளவு தளர்த்தினாள். ஓடியது.

ஜூன் 10, செவ்வாய்

குதிரைகளுக்குக் கீழே நான் கட்டிய மேடை முடிந்தது. வளைந்த சுவர், ஜன்னல்கள், மேலே ரோஜா வரிசை. பல்சக்கரம் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போனது!

ஜூன் 12, வியாழன்

குட்டி நடுவில் ஒரு புதுச் சக்கரம் சேர்த்தாள். பாரம் மிஞ்சினால் வழுக்கிவிடுமாம்.

"வலுவா இருக்கிறதை நீயே பலவீனமாக்குறியே, பைத்தியமா?" என்றேன்.

"சுத்துறதைப் பார்த்தா எந்தப் புள்ளையும் கையால பிடிக்கும் அண்ணி. அப்ப உள்ள ஏதாவது ஒண்ணு விட்டுக்கொடுக்கணும். இல்லன்னா அச்சுதான் முறுக்கிக்கும்."

இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். டக் டக் என்று வழுக்கியது. கையை எடுத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. என்ன மூளையடி உனக்கு!

ஜூன் 16, திங்கள்

ராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டாள். கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. பிறந்தநாள் கேக்கில் பெயரைத் தப்பாக எழுதி, வழித்து, மறுபடி எழுதினேன்.

மதியம் போன். தேர்வாளர் அம்மா ஓடுகிற ராட்டினத்தைச் சட்டென்று பிடித்தாராம். ஒன்றும் ஆகவில்லையாம்.

"அப்ப வேலை கிடைச்சாச்சா?"

குரலை இறக்கினாள் — "சுவரை எடுத்துட்டு, சக்கரமெல்லாம் வெளிய தெரியிற மாதிரி வச்சா என்னை வேலைக்கு எடுத்துக்கிறோம்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

"ஏண்டி?"

"அது நீங்க கட்டினதாச்சே."

அடிப்பாவி! இதற்காகவா இத்தனை நாள் உயிரைக் கொடுத்தாய்? வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஒவ்வொரு ரோஜாவும் என் கண் முன்னால் வந்தது. இருந்தாலும் ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு அந்தக் கம்பெனிக்கு ஓடினேன். முதலாளி முறைத்தார், முறைக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று தேர்வாளர்கள் எல்லார் முன்னாலும் என் கையாலேயே சுவரைக் கழற்றினேன். குட்டி தடுக்க வந்தாள். "நகருடி" என்றேன்.

மோட்டாரைப் போட்டார்கள். சின்னது துடிதுடித்து ஓட, பெரியது அதன் வேகத்தை வாங்கி நிதானமாக அடுத்ததற்குக் கொடுக்க, மேலே குதிரைகள் ஏறி இறங்கின. இதையா நான் மறைத்து வைத்தேன்?

குட்டிக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த அம்மா கழற்றிய சுவரைக் கையில் எடுத்து, "ரொம்ப அழகா இருக்கே, யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"அது கிடக்கட்டும் மேடம், நீங்க இதைப் பாருங்க" என்றேன்.