தொப்பிக்காரரின் தேர்ந்த பாடல்கள்

மச்சான்,

இன்று காலை என் கடையின் பின்பக்கம் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது உன் மகள் வந்தாள். கையில் உன் சீடி. அட்டையில் உன் தொப்பிக்காரப் பாடகர் வழக்கம்போல எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா, எங்கட வீட்டிலை இதைப் போட ஒண்டும் இல்லை. சாமான் ஏத்துற உங்கட பழைய வானுக்குள்ளைதான் போடலாம். நீங்களே வைச்சிருங்கோ.”

நீ எங்களை விட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை வாங்கும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் நாங்கள் மீன் தொழிற்சாலையில் வேலைசெய்தபோது அந்தத் தொகுப்பு உன்னிடம் கசெட்டாகத்தான் முதலில் வந்தது. தொழிற்சாலையில் உனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய நோர்வேக்காரி கொடுத்தது. அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஒருவரின் பேர்பெற்ற பாட்டுகள் எல்லாம் ஒன்றாக. நாங்கள் ஊர்ப் பாட்டுக்கு ஏங்கிக் கிடக்க, நீ அறையில் இதைப் போடுவாய்.

“நிப்பாட்டடா, வெள்ளைக்காரன்ர ஒப்பாரி!” என்று கத்துவோம்.

“ஒப்பாரிதான். உங்களுக்கு ஆர் கிற்றாரோடை ஒப்பாரி வைக்கப்போகினம்?” என்பாய்.

ஒஸ்லோவுக்கு வந்து நான் கடை போட்டேன்; நீ பஸ் ஓட்டினாய். அதே தொகுப்பை சீடியாகவும் வாங்கினாய். பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டு உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சிரித்தேன். அதற்கு நீ சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. “வித்த பாட்டைத்தான் பொறுக்கிப் போட்டிருக்கிறாங்கள். இந்தாள் ஆரெண்டு மற்றப் பாட்டுகளைக் கேட்டால்தான் தெரியும்.”

“விக்காத சரக்கை எவன் மச்சான் தட்டிலை வைப்பான்?” என்றேன். வியாபாரி வேறு எப்படிப் பேசுவான்?

உன் இறுதிச் சடங்கின் ஏற்பாடுகள் எல்லாம் என் கையில்தான் இருந்தன. அதற்கு முதல்நாள் உன் மகள் கேட்டாள்: “மாமா, அப்பான்ர பாட்டு ஒண்டு போடுவமா? மூண்டு நிமிசம்தான்.”

“தேவாரம் பாடுற இடத்திலை இதென்ன பிள்ளை? சனம் சிரிக்கும்” என்றேன்.

உனக்கு மறைத்து என்ன? நான் தேவாரத்தை நினைக்கவில்லை, சனத்தைத்தான் நினைத்தேன். சடங்கு மண்டபத்துக்கு வரப்போகிறவர்களில் பாதிப்பேர் என் கடைக்கு வருகிறவர்கள். அவர்கள் முன்னால் கோமாளித்தனமாக ஏதும் நடந்துவிடக்கூடாது என்றிருந்தது. மறுநாள் மண்டபத்தில் எழுந்து உன்னைப் பற்றிப் பேசினேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ ஓடித்திரிந்தது, கோயில் கட்ட வீடுவீடாய்ப் போனது, ஊருக்குச் செய்த உதவிகள். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல பேச்சு என்று கைகொடுத்தார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வித்த பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்குச் சீடியைத் தந்துவிட்டுப் போகத் திரும்பிய உன் மகள் நின்றாள். “நல்லாத்தான் பேசினீங்கள் மாமா. ஆனா அது எங்கட அப்பா மாதிரி இருக்கேல்லை. எனக்கு அழுகைகூட வரேல்லை.”

அவளைக் கடை வானுக்குள் ஏற்றி சீடியைப் போட்டேன். முதல் பாட்டு ஓட, கிறிஸ்மஸுக்குத் தொழிற்சாலையில் வைத்த நத்தார் விருந்தில் நீ ஆடிய கூத்தைச் சொன்னேன். மேற்பார்வையாளரின் தொப்பியைப் பறித்துப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினாய். இதே பாட்டில் இரண்டு வரிக்குமேல் சொல் வரவில்லை; மிச்சம் முழுவதையும் மூக்காலேயே முனகிப் பாடி முடித்தாய். நோர்வேக்காரர் எழும்பி நின்று கைதட்டினார்கள். வியர்த்துப்போய் வந்து என் காதில் சொன்னாய்: “மச்சான், இஞ்சை வந்தபிறகு இண்டைக்குத்தான் நான் ஒரு ஆளாத் தெரிஞ்சனான்.”

தொப்பிக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தவள், நீ காதில் சொன்னதைக் கேட்டதும் உடைந்து அழுதாள். அன்றைக்கு மண்டபத்தில், எல்லாரோடும் சேர்ந்து அழுதிருக்க வேண்டிய பிள்ளை. கடைப் பின்வாசலில், வெங்காயப் பெட்டிகளுக்கு நடுவில் அழ விட்டேன்.

“இதை ஏன் மாமா அண்டைக்குச் சொல்லேல்லை?”

கடைத் தட்டில் எதை முன்னுக்கு வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டித்தனத்தை உன்னிலும் காட்டிவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பான்ர கதை இன்னும் இருக்கா மாமா?” என்றாள்.

இருக்கிறது, மச்சான். எல்லாம் என்னிடம்தான் தேங்கிக் கிடக்கிறது.