வீட்டுக்குள் சொல்லாத வார்த்தை

பசி தெரியாத இடத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு,

அத்தை தூங்கிவிட்டார். அப்பாவின் குறட்டை கேட்கிறது. அது நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். என் தலையணைக்கு அடியில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவி இருக்கிறது. நான்தான் ஒளித்து வைத்தேன். ஏன் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

வெளியே நீ எல்லாருக்கும் நன்றி சொல்வாய். பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ்ஸில் ஏறும்போதே டிரைவருக்கு ஒரு 'தெரிமா காசே'. பசாரில் மீன் வெட்டிக் கொடுக்கும் சீனருக்கு ஒன்று. வீட்டுக்குள் மட்டும் அந்த வார்த்தை வந்ததே இல்லை. ஒருமுறை சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்மா" என்றேன். "நான் என்ன கடைக்காரியா? சாப்பிடு லா" என்று சிரித்தாய்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் நீ சொன்னது அப்படிப் பயமுறுத்தியது. அப்பா உன் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு "ரொம்ப நன்றிங்க" என்றாய். என் பக்கம் திரும்பி "உனக்கும்தான்மா" என்றாய். "என்னடி புதுசா பேசுற?" என்று அப்பா கேட்டார். விடிவதற்குள் போய்விட்டாய்.

காரியத்துக்கு வந்த அத்தை எங்களைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "அப்பவே விடை வாங்கிட்டா லா உங்கம்மா. வீட்டு மனுசங்களுக்கு யாரு நன்றி சொல்லுவா? போறவங்கதான் சொல்லுவாங்க" என்றார். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். எனக்குள் அது அப்படியே நின்றுவிட்டது.

உன் பஸ் இன்னும் காலையில் நம் பிளாட்டுக்குக் கீழே வேகத்தைக் குறைக்கிறது. யாரும் ஏறுவதில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் "உனக்கும்தான்மா" என்று கேட்கிறது. திரும்பினால் சமையலறை காலியாக இருக்கும். பயந்து ஓடிவிடுவேன். அது நீதானா அம்மா?

இந்த நேரம் பார்த்து எங்கள் வகுப்பாசிரியை ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் வீட்டில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மறுநாள் அதை வகுப்பில் சொல்ல வேண்டும். "டீச்சர், நான் நன்றி சொன்னா எங்கம்மா, 'என்னத்த ஒடச்ச?'ன்னு கேக்குறாங்க" என்று ஒருத்தி சொன்னாள். வகுப்பே சிரித்தது. தோசைக்காக அத்தைக்கு நன்றி சொன்னதாக நான் சொன்னேன். பொய். சொன்னால் நானும் போய்விடுவேனோ என்று பயம்.

இன்று மாலை அப்பா புக்கிட் தெங்கா வேலையிலிருந்து முழுக்க நனைந்து வந்தார். கடலைத் தாண்டும் ஃபெர்ரியில் நல்ல காற்றும் மழையுமாம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு "நன்றிமா" என்றார்.

நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"ஏன்பா அப்படிச் சொன்னீங்க?"

"ஏன், சொல்லக் கூடாதா? சூடா இருந்துச்சி. நல்லா இருந்துச்சி."

அவர் குளிக்கப் போனதும் சாவியை எடுத்துவிட்டேன். ஃபெர்ரியை விட்டு இறங்கினால் அந்தப் பக்கம் எல்லாம் லாரிகள் ஓடும் சாலை. மோட்டார் இல்லையென்றால் நாளைக்குப் போக மாட்டார் என்று நினைத்தேன்.

சாப்பிட்ட பிறகு சாவியைத் தேடினார். சட்டைப் பை, ஹெல்மெட், சாமி மேடை. "ஒருநாள் தலைய எங்க வச்சேன்னு தேடப் போற தம்பி" என்றார் அத்தை. அப்பா சிரித்தார். பிறகு உன் படத்துக்கு முன்னால் நின்று, "நீ இருந்தா இந்நேரம் எடுத்துக் குடுத்திருப்ப" என்று மெதுவாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கெடைக்கலன்னா பரவாயில்லமா. இருட்டோட எழுந்து ஃபெர்ரி ஜெட்டிக்கு நடந்துருவேன். அந்தப் பக்கம் பஸ் புடிச்சிக்கலாம்" என்றார் என்னிடம்.

சாவி இல்லாவிட்டாலும் போவார். மழையில், இருட்டில், நடந்து. இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

படுத்த பிறகு அப்பா சொன்ன விதத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அது குளிரில் வந்து சூடாக ஒரு வாய் குடித்தவரின் குரல். நீ சொன்னதும் அப்படித்தானா? தாகமாக இருந்தது, தண்ணீர் கிடைத்தது, அதனால் சொன்னாயா? நாங்கள் பயந்துபோய் உனக்குப் பதிலே சொல்லவில்லை. அதற்காகத்தான் என் பின்னால் வந்து நிற்கிறாயா?

தெரியவில்லை அம்மா. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இதோ, குறட்டை நின்றது. மறுபடி வந்துவிட்டது.

விடிந்ததும் சாவியை அப்பாவின் கையில் கொடுத்து, எடுத்தது நான்தான் என்று சொல்வேன். நனைந்துகொண்டு போய் வருகிறாரே, அதற்கு நன்றி என்று சொல்வேன். குரல் நடுங்கினாலும் சொல்லிவிடுவேன். "சாயங்காலமும் தேத்தண்ணி போட்டு வைக்கிறேன், வந்துடுங்க" என்பேன். அவர் வரும்வரை சன்னலோரம் நிற்பேன்.

உனக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். இனி குழாயடியில் உன் குரல் கேட்டால் ஓட மாட்டேன். திரும்பியும் பார்க்க மாட்டேன். "இன்னும் கொஞ்சம் குடிக்கிறியாம்மா?" என்று கேட்பேன்.

உனக்குத் தண்ணீர் எடுத்து வைக்கும்
உன் மகள்,
தேவி