மரம் நடாத பச்சைப்புறா

மாப்ள,

இன்று காலை என் பைக் சீட்டில் ஆலம்பழத் தோல் சிதறிக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். இலைகள்தான் தெரிந்தன. பிறகு ஓர் இலைக்குக் கீழே மஞ்சள் கால் நகர்ந்தது. "புறாவத் தேடாத, காலத் தேடு" என்று நீ சொன்னது சரிதான். கிளி மாதிரி தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்கிற, தரைக்கு அதிகம் இறங்காத ஒரு புறா, வண்டியூர் சாலையில் பஸ் ஹாரனுக்கு மேலே குடியிருப்பதை நீ காட்டித்தான் பார்த்தேன்.

சாலையை அகலப்படுத்த இந்த மரத்தை வெட்டுவதென்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் இதே மரத்தடியில் கருத்துக் கேட்க வந்தார்களே, அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? அதிகாரிக்கு நிழலில் நாற்காலி. இந்த நிழலில் பூ விற்றுப் பிழைக்கும் அக்காமார்கள் வெயிலில் நின்றார்கள். டீக்கடை அண்ணன்தான் பேசினார்.

"சார், இந்தப் புறா போடுற விதைலதான் ஆலமரமே முளைக்குது. இத வெட்டுனா மதுரைல ஆலமரமே இருக்காது."

அதிகாரி தலையாட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். நீ குறுக்கே விழுந்தாய்.

"அது தப்புண்ணே. மைனாவும் குயிலும் விதைய முழுசா வெளிய போடும். இது வயித்துலயே அரைச்சிரும். பெரும்பாலும் முளைக்காது."

"வாய மூடு மாப்ள" என்று உன் சட்டையை இழுத்தேன்.

அதிகாரி சிரித்தார். "அப்ப மரம் நடாத பறவைக்கு எதுக்குய்யா மரம்?"

நிழலில் நின்ற அவருடைய ஜீப்பைக் கைகாட்டினாய். "நீங்க எம்புட்டு மரம் நட்டீங்க சார்? வண்டிய வெயில்ல நிறுத்தலாம்ல?"

கூட்டம் சிரித்தது. கான்ட்ராக்டரின் ஆள் உன்னிடம் வந்து, "தம்பி எந்தத் தெரு?" என்றான். அந்தக் கேள்வி எதைத் துழாவுகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நீ குரலைக் கூட உயர்த்தவில்லை.

"இந்த நிழல்ல நிக்கிறவுக எல்லாம் ஒரே தெருதாண்ணே. நீங்களும் நின்னுக்கங்க."

ஒரு பூக்கார அக்கா கூடையைத் தூக்கிவந்து அடிமரத்தில் சாய்த்து உட்கார்ந்தாள். "நாங்களுந்தான் நடல சார். எங்கள எங்க போகச் சொல்றீக?" மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்று எழுந்து போனது அதிகாரி மட்டும்தான். அதன் பிறகும் பலமுறை உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் சாலைதான் வளைந்தது.

தார் போடும்போது நீ இல்லை. ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று தல்லாகுளம் மாநகராட்சி அலுவலகத்தில், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேட்டு மனுக் கொடுக்கப் போனோம். "கொஞ்சம் கூட்டிச் சொல்லுப்பா, நல்லதுக்குத்தான" என்றார்கள் கூட வந்தவர்கள். உள்ளதைத்தான் சொன்னேன். உள்ளதே போதுமான அளவுக்கு அசிங்கமாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நம் மரத்தடி வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பிய டிரைவர், "எவன்டா இங்க ரோட்ட வளச்சவன்?" என்று கத்தினார்.

"எங்க மாப்ளதாண்ணே!" என்று நானும் கத்தினேன்.