லாத்வியாவுக்கு ஒரு மெழுகுதிரி

அன்புள்ள அண்ணை,

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கிய மனைவி, தட்டையான மீன் டின் ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"திகதி முடிஞ்சு கனகாலம். எறியட்டோ?"

"வை அங்கை."

"உங்களையும் எறிய ஏலாமல்தான் வச்சிருக்கிறன்" என்று முணுமுணுத்தபடி திரும்ப வைத்தாள். திறக்காத டின்தான். ஆனாலும் புகையில் வாட்டிய மீன் மணத்தது. உங்கள் கடை மணம்.

நாங்கள் வந்து குடியேறிய அப்டன் பார்க்கில், பனங்கிழங்கு ஒடியல் மாவுக்குப் பக்கத்தில் லாத்வியாச் சாமான்களுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கிய யாழ்ப்பாணத்தார் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சுற்றியிருந்த வாடகை அறைகளில் அந்த நாட்டுச் சனம். அவர்களுக்குக் கறுப்புப் பாண், இந்த மீன் டின். அதை எங்கள் தலையிலும் கட்டினீர்கள். "வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு, தேசிக்காய்ப் புளி விடு. இறைச்சி விலக்கிற தபசுகால வெள்ளிக்குச் சோக்கான சம்பல்." எங்கள் பங்குக் கோயில் சனமே அந்த வருடம் லாத்வியாவின் ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தியது. எனக்கு அந்த மீன் அறவே பிடிக்காது. சொல்லப் பயந்து வாங்கி அடுக்கினேன்.

ஞாயிறு பூசை முடிய, மாதா சுருவத்தின் முன் ஒரு மெழுகுதிரி கொளுத்துவீர்கள். ஒருநாள் கேட்டேன்:

"ஆருக்கு அண்ணை?"

"லாத்வியாவுக்கு."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதை தம்பி. சின்ன நாடு. விக்கிறதுக்கு மரமும் மீனும்தான் கிடக்கு. இதுகள் பிள்ளையளைத் தங்கடை தாயிட்டை விட்டிட்டு வந்து இஞ்சை ஹோட்டல் கட்டில் விரிக்குதுகள். நாடு நிமிர்ந்தால் இதுகளும் பிள்ளையளிட்டைப் போய்ச் சேருங்கள்."

மாதா கேட்டுவிட்டா. அதுதான் வினை. அங்கே தொழில் பெருகியது, சம்பளம் ஏறியது. உங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து விடைபெற்றார்கள். வாராவாரம் கறுப்புப் பாண் வாங்க வந்த அந்தப் பொன்னிறத்தலைப் பெட்டை, மகனிடம் போகிறேன் என்று உங்களைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்கு ஒரு பை மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பினீர்கள். லாத்வியாவுக்கு நம்மவர் ஏற்றுமதி அவ்வளவுதான்.

கடை காய்ந்தது. ஒரு தனி மனிதன், அதுவும் மீன் பிடிக்காதவன், எத்தனை டின் வாங்கி ஒரு கடையைத் தாங்குவது? சட்டன் நகரிலிருந்து வந்த உங்கள் மகள் "பூட்டுங்கோ அப்பா" என்றாள். பூட்டினீர்கள். பிறகு நெஞ்சு நோ, ஆஸ்பத்திரி.

"லாத்வியா என்ன மாதிரி?" கட்டிலில் கிடந்தபடி கேட்டீர்கள்.

டொக்டர்களுக்கே ஏலாததை நான் செய்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ, ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன். "விழுந்துபோச்சு அண்ணை. சனமெல்லாம் திரும்பி வருகுது. நீங்கள் எழும்பி வாங்கோ, கடையைத் திறப்பம்."

உங்கள் முகம் கறுத்தது.

"ஐயோ, அந்தப் பெட்டை? இப்பதானே பிள்ளையோடை இருக்கிறாள். நீ போ, போய் ஒரு மெழுகுதிரி கொளுத்து."

"புளுகினனான் அண்ணை" என்று சொல்ல வாய் எடுத்தேன். "இப்பவே போ" என்றீர்கள். போனேன். திரும்பி வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். புளுகினதைச் சொல்ல நீங்கள் இருக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் கொளுத்துகிறேன், நன்றாக இருக்கிற ஒரு நாட்டுக்கு. வேறென்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. போன கிழமை பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்:

"ஆருக்கப்பா?"

"லாத்வியாவுக்கு" என்றேன்.

சிரிப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன், அண்ணை. அவள் சிரிக்கவில்லை.